வழிவிடாத பிளவுத் தகடு: வீட்டுப் பட்டறை ஒன்றில் பிளேடு மாற்றம் குறித்த நிகழ்வு ஆய்வு

மூன்றாவது பலகையில் இன்னும் ஒரு சாண் நீளமே அறுபட வேண்டியிருந்த நிலையில், மேசை ரம்பத்தின் பின்பக்கப் பற்கள் பலகையைக் கவ்வித் தூக்கி, அதைத் தள்ளிக்கொண்டிருந்தவரை நோக்கி எறிந்தன. பலகையின் முனை அவருடைய இடுப்பெலும்புக்குச் சற்று மேலே மோதியதில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிற்று. மரத்தைத் தள்ளும் குச்சியான புஷ் ஸ்டிக்கைக் கையில் வைத்திருந்ததால் விரல்கள் தப்பின. 254 மி.மீ. விட்டமுள்ள பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுழலும்போது அதன் பல்முனை விநாடிக்கு ஏறத்தாழ 53 மீட்டர், அதாவது மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்பதை நினைத்தால், இந்த அளவோடு போனதே பெரிய காரியம்.

பட்டறையின் உரிமையாளர் என் நீண்டகால நண்பர், மரவேலையை ஓய்வு நேரத்தில் பொறுமையாகச் செய்பவர், அவசரக்காரர் அல்லர். விபத்து நடந்து இரண்டு நாள் கழித்து அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் இயந்திரத்தையும், பிளேடுகளையும், ஒதுக்கிப் போட்டிருந்த துண்டு மரங்களையும் நான் அளந்து பார்த்தேன். "மெஷினே சரியில்லை, ஆர்பர் வளைஞ்சிருக்கும்னு நினைக்கிறேன், நீங்களே பாருங்க" என்பதுதான் அவர் முதலில் சொன்னது. ஆர்பர், அதாவது பிளேடு மாட்டப்படும் சுழல்தண்டு, வளையவில்லை. மோட்டாரிலும் குறையில்லை. ஒரு பிளேடைக் கழற்றி இன்னொன்றை மாட்டியபோது அதனுடன் சேர்ந்து மாறியிருக்க வேண்டிய ஒரு பாகம் மாறாமல் இருந்ததும், அந்தப் பொருத்தமின்மையை வேறொரு பிழை சில நாள் மறைத்து வைத்திருந்ததுமே காரணம். இந்த இரண்டாவது செய்திதான் என்னை இதை விரிவாக எழுதத் தூண்டியது.

கருவியும் பிளேடுகளும்

ரம்பம் 254 மி.மீ. பிளேடு ஏற்கும் மேசை ரம்பம். ஆர்பரின் விட்டம் 25.4 மி.மீ.; பிளேடை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பிளாஞ்சுகளின் விட்டம் 50 மி.மீ. பிளேடுக்குப் பின்னால், ரிவிங் நைஃப் எனப்படும் பிளவுத் தகடு நிற்கிறது. அறுபட்ட மரத்தின் இரு பாதிகளும் மீண்டும் நெருங்கிப் பின்பற்களைக் கவ்விவிடாமல் விலக்கி வைப்பதே அதன் பணி. இந்த இயந்திரத்தில் அதன் தடிமன் 2.5 மி.மீ.

இயந்திரத்தில் நெடுநாளாக இருந்த பிளேடு 40 பற்கள் கொண்ட பொதுப்பயன் பிளேடு. பற்கள் நீங்கலாக அதன் உடலான தகடு 2.0 மி.மீ.; கார்பைடு முனைகள் இருபுறமும் சற்றுத் துருத்தி நிற்பதால் அது விடும் வெட்டுத்தடம் 3.0 மி.மீ. பிளவுத் தகடு பிளேடின் தகட்டைவிடத் தடிமனாகவும் வெட்டுத்தடத்தைவிட ஒடுக்கமாகவும் இருக்க வேண்டும் என்பது மேசை ரம்பத்தின் அடிப்படை விதி. 2.0, 2.5, 3.0 என்ற அந்த வரிசையில் எல்லாம் பொருந்தியிருந்தன. பல ஆண்டுகள் அதைப் பற்றி நினைக்க வேண்டிய தேவையே அவருக்கு எழவில்லை.

அலமாரி ஒன்றுக்காக ப்ளைவுட் அறுக்கத் தொடங்கியபோது, மேல் தோலில் சிராய் பெயர்வதைக் கண்டு அவர் புதிய பிளேடு வாங்கினார். 60 பற்கள், மெல்லிய வகை, வெட்டுத்தடம் 2.4 மி.மீ., தகடு 1.6 மி.மீ. பல் முனைகள் ஒன்று இடப்புறமாகவும் அடுத்தது வலப்புறமாகவும் மாறி மாறிச் சரிந்திருக்கும் அமைப்பு, குறுக்குவெட்டிலும் ப்ளைவுட்டிலும் நாரைக் கத்தி போல் கீறிவிட்டு அறுப்பதால், அந்தத் தேர்வின் நோக்கத்தில் தவறில்லை. ஆனால் பற்களின் முன்சாய்வுக் கோணம் அந்த பிளேடில் மைனஸ் 5 டிகிரி என்று பொறிக்கப்பட்டிருந்தது. அதாவது பல் முன்னோக்கிக் கொக்கி போல் வளையாமல் சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. மேலிருந்து கீழே இறக்கி அறுக்கும் மைட்டர் ஸாவில், பிளேடு மரத்தின் மேல் ஏறிப் பாயாமல் இருப்பதற்காகவே இந்தக் கோணம் வைக்கப்படுகிறது. பெட்டியில் "254 மி.மீ., நேர்த்தியான வெட்டு" என்ற இரண்டை மட்டும் பார்த்து வாங்கியதால் இது அவர் கண்ணில் படவில்லை. விட்டம், துளை, பற்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். வெட்டுத்தடம், தகட்டுத் தடிமன், கோணம் ஆகியவையும் அதே தகட்டின் மேல்தான் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

நடந்த வரிசை

பழைய பிளேடைக் கழற்றும்போதே முதல் சிக்கல் வந்தது. நட் அசையவில்லை. பிளேடு சுற்றாமலிருக்க மரத்துண்டு ஒன்றைப் பற்களுக்கிடையே முட்டுக் கொடுத்து, ஸ்பானரைப் பலம்கொண்ட மட்டும் தள்ளியிருக்கிறார். அவர் தள்ளிய திசை இறுக்கும் திசை. ரம்பம் புறப்படும்போது ஆர்பர் சட்டென்று சுழலத் தொடங்க, நட்டும் பிளேடும் ஒரு கணம் பின்தங்க, அந்தப் பின்தங்கலே நட்டை இறுக்கும்படி மரை வெட்டப்பட்டிருக்கிறது. ஆகவே பிளேடு எந்தப் பக்கம் சுழல்கிறதோ அந்தப் பக்கமாகவே நட்டைத் திருப்பினால்தான் கழலும். மேசை ரம்பத்தில் பிளேடின் மேற்பகுதி நம்மை நோக்கி வருகிறது; எனவே ஆர்பருக்கு மேலே நிற்கும் ஸ்பானரின் பிடியை நம்மை நோக்கி இழுப்பதே கழற்றும் திசை. வலம், இடம் என்று மனப்பாடம் செய்வதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் ஆர்பர் எந்தப் பக்கம் நீள்கிறது என்பதைப் பொறுத்து மரை இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்.

அந்த முட்டுக்கட்டையின் விளைவு பழைய பிளேடில் இன்றும் தெரிகிறது. 40 பற்களில் ஒன்றின் கார்பைடு முனையில் அரிசி நொய் அளவுக்கு ஒரு மூலை பெயர்ந்திருக்கிறது. டங்ஸ்டன் கார்பைடு தேய்மானத்தைத் தாங்கும் அளவுக்குப் பக்கவாட்டு நெம்புதலைத் தாங்காது. கண்ணாடியைப் போல் சில்லாகப் பெயரும்.

புதிய பிளேடின் துளை 30 மி.மீ. உடன் வந்த 25.4 மி.மீ. குறுக்கு வளையத்தைச் செருகி மாட்டினார். ப்ளைவுட் பலகைகள் அறுபட்டன. சிராய் குறைந்தது, ஆனால் எதிர்பார்த்த வழவழப்பு இல்லை, விளிம்பில் மெல்லிய வரிவரியான கோடுகள் இருந்தன. அவர் அதைப் பொருட்படுத்தாமல், சட்டங்களுக்காக 38 மி.மீ. தடிமனுள்ள வைரம் பாய்ந்த கடின மரத்தை நீளவாட்டில் அறுக்கத் தொடங்கினார். மரம் கருகியது, புகை வந்தது, தள்ளுவதற்கு அதிக பலம் வேண்டியிருந்தது, மோட்டாரின் மிகைச்சுமைக் காப்பு இருமுறை விழுந்தது.

பிளேடில் பிசின் படிந்ததே காரணம் என்று கருதி அவர் அதைக் கழற்றி, சோப்பு நீரில் ஊறவைத்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஆர்பரையும் பிளாஞ்சுகளையும் துடைத்து மீண்டும் மாட்டினார். இங்கே அவர் செய்தது முற்றிலும் சரியான செயல். அதற்குப் பின்தான் விசித்திரமான மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. அதுவரை பிளவுத் தகட்டைத் தடையின்றிக் கடந்து சென்ற மரம், இப்போது 20 சென்டிமீட்டர் போல அறுபட்டதும் தகட்டில் முட்டி நின்றது. பலமாகத் தள்ளினால் சிறிது நகரும், மீண்டும் நிற்கும். தகடு இடம் பெயர்ந்துவிட்டது என்று எண்ணித் திருகுகளைத் தளர்த்தி இடமும் வலமுமாக நகர்த்திப் பார்த்தார், பயனில்லை. கடைசியில் தகட்டைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இரண்டு பலகைகள் ஒழுங்காக அறுபட்டன. மூன்றாவது பலகை எறியப்பட்டது.

அளந்து பார்த்தவை

பிளக்கைப் பிடுங்கிவிட்டு முதலில் பிளவுத் தகட்டை அளந்தேன்: 2.5 மி.மீ. பிளேடின் வெட்டுத்தடம் 2.4 மி.மீ. வெட்டிய தடத்தைவிடத் தகடு தடிமனாக இருந்தால் மரம் அதில் முட்டும் என்பதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தகட்டின் மேலேயே அதற்குப் பொருந்தும் பிளேடின் அளவுகள் பொறிக்கப்பட்டிருந்தன. பிசினும் மரத்தூளும் கெட்டிப்பட்ட படலத்தைத் துடைத்த பிறகுதான் எழுத்துகள் தெரிந்தன.

ஆனால் இது பாதி விடைதான். பிளேடு முதல் நாளிலிருந்தே 2.4 மி.மீ. என்றால், முதலில் அறுத்த ப்ளைவுட்டும் கடின மரமும் எப்படித் தகட்டைக் கடந்தன? கழுவி மாட்டிய பிறகு மட்டும் ஏன் முட்ட வேண்டும்? துண்டு மரக் குவியலில் இதற்கான சான்று கிடைத்தது. முதல் நாள் பாதியில் நிறுத்திய வெட்டுள்ள ப்ளைவுட் துண்டு ஒன்று அங்கே கிடந்தது. அதன் வெட்டுத்தடத்தை வெர்னியர் காலிப்பரின் உள்தாடைகளால் அளந்தேன்: 2.85 மி.மீ. கழுவிய பின் அறுத்த துண்டில் தடம் 2.45 மி.மீ. ஒரே பிளேடு, 0.4 மி.மீ. வேறுபாடு. முதலில் மாட்டியபோது பிளேடு தள்ளாடிச் சுழன்று, தன் தடிமனைவிட அகலமான வழியை வெட்டியிருக்கிறது. அந்த அகலமே மரத்தைத் தகட்டைக் கடக்கவிட்டிருக்கிறது.

வெட்டு விளிம்பிலிருந்த கோடுகளும் அதையே சொல்லின. ஒரு சென்டிமீட்டரில் 13 கோடுகள் எண்ணினேன். ஒரு மீட்டர் நீளத்தைத் தள்ள 20 விநாடி எடுத்ததாக அவர் சொன்னார். நிமிடத்துக்கு 3 மீட்டர். 4000 சுற்றில் ஒரு சுற்றுக்கு மரம் 0.75 மி.மீ. நகரும், 13 கோடுகளின் இடைவெளியும் ஏறக்குறைய அதுவே. கோடுகள் ஒவ்வொரு பல்லும் விட்ட தடமாக இருந்தால் அவை கண்ணுக்கே தெரியாத நெருக்கத்தில் இருக்கும். சுற்றுக்கு ஒரு கோடு என்றால், பிளேடு ஒரு சுற்றில் ஒருமுறை பக்கவாட்டில் சாய்கிறது, அல்லது ஒற்றைப் பல் ஒன்று வெளியே துருத்தி நிற்கிறது என்று பொருள். இங்கே பற்கள் எல்லாம் புதியவை, முழுமையானவை. எனவே எஞ்சியது சாய்வுதான்.

எதனால் சாய்ந்தது? குறுக்கு வளையத்தைச் சந்தேகித்தேன். வளையம் பிளேடின் தகட்டைவிடத் தடிமனாக இருந்தால் பிளாஞ்சுகள் தகட்டைத் தொடாமல் வளையத்தை மட்டும் அழுத்தும். பிளேடு சரியாகப் பிடிபடாது. வளையம் 1.4 மி.மீ., தகடு 1.6 மி.மீ.; பழுதில்லை. பிறகு பிளேடின் முகத்தில், மையத்திலிருந்து 24 மி.மீ. தொலைவில், மிளகில் பாதி அளவுக்கு ஒரு கருங்கறை இருப்பதைக் கண்டேன். பிளாஞ்சின் விளிம்பு பதியும் இடம் அது. அவரிடம் கேட்டபோது, துடைக்கும்போது உள் பிளாஞ்சில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்ததாகவும், துணியில் போகாததால் நகத்தால் சுரண்டியதாகவும் நினைவு கூர்ந்தார். பழைய பிளேடைக் கழற்றியபோது உதிர்ந்த பிசின் துணுக்கு பிளாஞ்சுக்கும் புதிய பிளேடுக்கும் இடையே சிக்கியிருக்கிறது.

இதை ஊகமாக விட மனமில்லாமல், மின்சாரம் இல்லாத நிலையில் ஒரு சோதனை செய்தேன். மேசையில், நுண்ணிய அசைவை அளக்கும் டயல் இண்டிகேட்டரை நிறுத்தி, அதன் முனையைப் பற்களுக்குக் கீழே தகட்டின் மேல் வைத்து, பிளேடைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றினேன்: அசைவு 0.08 மி.மீ. பிறகு உள் பிளாஞ்சின் விளிம்பில் 0.1 மி.மீ. தடிமனுள்ள தாளின் சிறு நறுக்கு ஒன்றை வைத்து நட்டை இறுக்கி மீண்டும் சுற்றினேன்: 0.45 மி.மீ.யை ஒட்டி வந்தது. கணக்கும் அதற்கு இசைவாகவே இருக்கிறது. 50 மி.மீ. அகலத்தில் 0.1 மி.மீ. தூக்கினால், 254 மி.மீ. அகலத்தில் அது ஐந்து மடங்காகி 0.5 மி.மீ. ஆகிவிடும். ஒரு தாளின் கனம் வெட்டுத்தடத்தை அரை மில்லிமீட்டர் அகட்டுகிறது. தாளை எடுத்துவிட்டேன், அதை வைத்து ரம்பத்தை ஓட்டிப் பார்க்கவில்லை, எவரும் ஓட்டக் கூடாது.

இவ்வாறு, முதல் பிழையான தள்ளாட்டம் இரண்டாவது பிழையான தகட்டுப் பொருத்தமின்மையை மறைத்துக்கொண்டிருந்தது. அவர் அக்கறையுடன் துடைத்து முதல் பிழையை நீக்கியதும் இரண்டாவது வெளிப்பட்டது. வெளிப்பட்ட பிழை, அதுவரை ஒழுங்காக இருந்த ஒன்று திடீரென்று கெட்டுவிட்டது போன்ற தோற்றத்தைத் தந்தது. பிளவுத் தகட்டைக் குற்றவாளியாக அவர் எண்ணியதை இந்த வெளிச்சத்தில் பார்க்கிறேன். தகடு தன் இடத்தில்தான் நின்றது. அதனுடன் சேராத பிளேடு வந்து சேர்ந்திருந்தது.

தகட்டைக் கழற்றிய பிறகு நடந்ததை விளக்குவது எளிது. கடின மரம் தன்னுள் அடக்கி வைத்திருக்கும் இறுக்கம், நீளவாட்டில் பிளக்கும்போது விடுபடுகிறது. சில பலகைகளில் இரு பாதிகளும் விரிந்து விலகும்; சிலவற்றில் நெருங்கி மூடும். முதல் இரண்டு பலகைகள் விரிந்திருக்க வேண்டும் அல்லது அசையாமல் இருந்திருக்க வேண்டும். மூன்றாவதன் பாதிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, முனையில் அவை ஒன்றையொன்று நோக்கி வளைந்திருந்தன. பிளேடின் பின்பற்கள் மேல்நோக்கி எழுந்து நம் பக்கம் வருபவை. மூடிய மரம் அவற்றைப் பிடித்துக்கொண்டால், மரம் போகக்கூடிய திசை நிற்பவரின் திசைதான்.

கருகல் ஏன்

கருகலுக்குத் தள்ளாட்டம் மட்டும் காரணமல்ல. பிளேடைச் சுத்தமாக மாட்டிய பின்னும் கருகல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. நிமிடத்துக்கு 3 மீட்டர் தள்ளும்போது, 4000 சுற்றில் 60 பற்கள் என்றால் நிமிடத்துக்கு 2,40,000 பற்கள் மரத்தைக் கடக்கின்றன. ஒவ்வொரு பல்லுக்கும் கிடைக்கும் சீவல் 0.0125 மி.மீ. தடிமன்தான். அவ்வளவு மெல்லிய சீவலைக் கூரிய முனைகூட வெட்டுவதைவிடத் தேய்க்கவே செய்யும், தேய்ப்பு சூடாகும். கூடவே, பல் எண்ணிக்கை கூடும்போது பற்களுக்கு இடையிலுள்ள பள்ளம் சிறுத்துவிடுகிறது. நீளவாட்டில் அறுக்கையில் வரும் நீண்ட நார்ச்சீவல்களை அந்தப் பள்ளம்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். அது நிரம்பிவிட்டால் தூள் பல்லுக்கும் மரத்துக்கும் இடையே நசுங்குகிறது. மெல்லிய தகடு சூடேறினால் நெளியவும் செய்யும். நெளிந்தால் இன்னும் உரசும், இன்னும் சூடாகும்.

ஒப்பிட்டுப் பார்க்க, நீளவாட்டு வெட்டுக்கென்றே அமைந்த 24 பற்கள் கொண்ட பிளேடை மாட்டினோம். தட்டையான பல்முனை, 20 டிகிரி முன்சாய்வு, ஆழமான பள்ளங்கள், 3.0 மி.மீ. தடம், 2.0 மி.மீ. தகடு. பிளவுத் தகட்டைத் திரும்பப் பொருத்தி, பற்களின் பள்ளத்தின் அடி மரத்தின் மேற்பரப்புக்குச் சற்று மேலே நிற்கும்படி உயரத்தை வைத்தோம். அதே மரம் நிமிடத்துக்கு 4 மீட்டர் வேகத்தில் கருகாமல் அறுபட்டது. அப்போது ஒரு பல்லின் சீவல் 0.04 மி.மீ.யைச் சற்றுத் தாண்டுகிறது. முன்னதைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகம். வெட்டிய முகம் 60 பல் பிளேடு தருவதுபோல் பளபளக்கவில்லை. ஆனால் சட்டத்தின் ஓரம் எப்படியும் இழைப்புளிக்கோ பசைக்கோ போகப்போகிறது. அங்கே கண்ணாடி வழவழப்பைக் கேட்பது தேவையற்றது.

பற்கள் கூடினால் நேர்த்தி கூடும் என்பது குறுக்குவெட்டுக்கும் ப்ளைவுட்டுக்கும் உண்மை. அதை நீளவாட்டு வெட்டுக்கும் நீட்டிவிடும் பழக்கத்தைப் பல வீட்டுப் பட்டறைகளில் காண்கிறேன். ஒரே பிளேடில் எல்லாம் நடக்க வேண்டும் என்பவர் 40 அல்லது 50 பற்களோடு, சுமாரான நேர்த்தியையும் சுமாரான வேகத்தையும் ஏற்றுக்கொண்டால் போதும். அதில் குறைவொன்றும் இல்லை.

மாற்றும் முறையில் திருத்தியவை

புதிய முறையை அவரோடு சேர்ந்தே பலமுறை செய்து பார்த்தோம். ஸ்விட்சை அணைப்பது போதாது, பிளக் கையில் தெரியும்படி மேசை மேல் கிடக்க வேண்டும் என்பது முதலாவது. பிளேடைப் பிடிக்க, இயந்திரத்தின் ஆர்பர் பூட்டு அல்லது இரண்டாவது ஸ்பானர் மட்டுமே. மரத்துண்டு இனி இல்லை. பல்முனைகள் நிற்கும் நிலையிலேயே கையைக் கிழிக்கும் என்பதால் கழற்றி மாட்டும்போது கையுறை நல்லது. ரம்பம் ஓடும்போது கையுறை கூடவே கூடாது, ஏனென்றால் நூலோ துணியோ பல்லில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

நான் மிகவும் வற்புறுத்துவது பிளாஞ்சுகளைத் துடைக்கும் அந்த அரை நிமிடத்தைத்தான். துணியால் துடைத்த பிறகு விரல் நுனியை உள் பிளாஞ்சின் விளிம்பு நெடுகிலும் மெல்ல ஓட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துணுக்கு விரலுக்குத் தட்டுப்படும். பிளேடின் இரு முகங்களிலும் மையத்தைச் சுற்றி அதேபோல் தடவிப் பார்க்க வேண்டும். பிளாஞ்சுகள் இரண்டும் ஒரே விட்டமுள்ளவையாகவும், குழிந்த முகம் பிளேடைப் பார்த்தபடியும் இருக்க வேண்டும். பற்கள் மேலே நம்மை நோக்கி நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு நட்டை உறுதியாக இறுக்க வேண்டும். ஸ்பானரில் குழாய் செருகி இறுக்குவது பிளாஞ்சை வளைத்து, தவிர்க்க நினைத்த தள்ளாட்டத்தையே கொண்டுவரும்.

அதன்பின் பிளவுத் தகடு. புதிய பிளேடின் தகடு, வெட்டுத்தடம் ஆகிய இரண்டையும் பார்த்து, பிளவுத் தகடு அவற்றுக்கு இடைப்பட்டதா என்று ஒவ்வொரு முறையும் ஒப்பிட வேண்டும். பற்களுக்கும் தகட்டுக்கும் இடையே 3 முதல் 8 மி.மீ. வரை இடைவெளி; தகட்டின் உச்சி பிளேடின் உச்சிக்குச் சற்றுக் கீழே. பிளேடில் பொறித்துள்ள உச்சச் சுழற்சி வேகம் இயந்திரத்தின் சுமையில்லா வேகத்தைவிட அதிகமாக இருக்கிறதா என்பதையும் இதே நேரத்தில் பார்த்துவிடலாம். பிறகு கையால் ஒரு முழுச் சுற்று. பிளேடு எங்கும் உரசாவிட்டால், பிளேடின் தளத்திலிருந்து ஒதுங்கி நின்றுகொண்டு, பிளக்கைச் செருகிச் சில விநாடி வெறுமனே ஓடவிட வேண்டும்.

மற்ற ரம்பங்களில் கண்டவை

அந்தப் பட்டறையில் இருந்த ஏனைய ரம்பங்களையும் இதே கண்ணோடு பார்த்தோம். மைட்டர் ஸாவின் ஆர்பர் 30 மி.மீ.; பின்சாய்வுப் பற்களுள்ள அந்த 60 பல் பிளேடு அங்கே வளையமே இல்லாமல் பொருந்தியது. அங்கே பிளவுத் தகடு கிடையாது, குறுக்குவெட்டுதான் வேலை. தவறான இயந்திரத்தில் ஆபத்தாக இருந்த பொருள், தனக்குரிய இடத்தில் மூலைச் சட்டங்களைத் தாள் நறுக்கியது போல் அறுத்தது.

மேலும் கீழும் அசையும் சிறு பிளேடு கொண்ட ஜிக்ஸாவில் பிளேடின் கொண்டை வடிவம் பொருந்துவதைத் தவிர, பிளேடின் முதுகைத் தாங்கும் சிறு உருளையைப் பார்க்க வேண்டும். அவரிடமிருந்ததில் உருளை தூள் அடைத்துச் சுழலாமல் நின்றிருந்ததால், தடித்த மரத்தில் பிளேடு பின்னுக்கு வளைந்து வெட்டு கோணலானது. உலோகத் தகடு அறுக்கும்போது எந்நேரமும் குறைந்தது மூன்று பற்களாவது தகட்டின் தடிமனுக்குள் இருக்கும்படி நுண்பல் பிளேடைத் தேர வேண்டும். இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு பல்லிடுக்கில் மாட்டிப் பல் உதிரும்.

சக்கரங்களின் மேல் பட்டை ஓடும் பேண்ட்ஸாவில் குறை சற்றுப் பெரியது. தடித்த கட்டையை மெல்லிய பலகைகளாகப் பிளக்க, வளைவு வெட்டும் 6 மி.மீ. அகலப் பட்டையையே பயன்படுத்தியிருந்தார். வெட்டு அலை அலையாய்ப் போயிருந்தது. அங்குலத்துக்கு மூன்று பற்கள் கொண்ட 12 மி.மீ. பட்டைக்கு மாற்றினோம். பட்டை மாறியதும் இழுவிசை, சக்கரத்தின் மேல் பட்டை ஓடும் இடம், பக்க வழிகாட்டிகள், முதுகு பேரிங் ஆகிய நான்கையும், இதே வரிசையில், புதிதாக வைக்க வேண்டியிருந்தது. வழிகாட்டிகள் பட்டையிலிருந்து ஒரு தாள் கன இடைவெளியில், பற்களைத் தொடாமல் அவற்றின் பள்ளத்துக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். பழைய பட்டைக்கு வைத்த இடத்திலேயே எல்லாவற்றையும் விட்டிருந்தால், முதுகு பேரிங் அகலமான புதிய பட்டையை முன்னுக்குத் தள்ளியிருக்கும், வழிகாட்டிகளும் பற்களுக்கு வெகு பின்னால் நின்றிருக்கும். பிளவுத் தகட்டின் கதையே இங்கும் வேறு உருவில் நிகழ்ந்திருக்கும்.

பிறகு

இரண்டு மாதம் கழித்து மீண்டும் அங்கே சென்றேன். மேசை ரம்பத்துக்கு இப்போது மூன்று பிளேடுகள்: நீளவாட்டுக்கு 24 பல், பொதுவேலைக்கு 40 பல், ப்ளைவுட்டுக்கு 80 பல். மூன்றும் 3.0 மி.மீ. தடமும் 2.0 மி.மீ. தகடும் கொண்டவை, ஆகவே 2.5 மி.மீ. பிளவுத் தகடு எதற்காகவும் கழற்றப்படுவதில்லை. மெல்லிய பிளேடுகளுக்கேற்ற மற்றொரு தகட்டை வாங்கலாமா என்று அவர் கேட்டார். இரண்டு தகடுகள் இருந்தால் என்றோ ஒருநாள் மாறிப்போகும் என்பதால் வேண்டாம் என்றேன். மோட்டார் வலுக்குறைந்ததாக இருந்து மெல்லிய பிளேடு கட்டாயமானால், பிளேடுகளையும் தகட்டையும் ஒருசேர மெல்லியவையாக மாற்றிக்கொள்வதே நல்லது. ப்ளைவுட்டின் அடிப்பக்கச் சிராய்க்கு, பிளேடு நுழையும் அளவுக்கு மட்டும் பிளவுள்ள மேசைச் செருகுபலகை ஒன்றை அவரே செய்திருந்தார். மேசை ரம்பத்தில் பற்கள் மேலிருந்து கீழாக அறுப்பதால் நல்ல முகம் மேலே இருக்க வேண்டும். கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தில் அதற்கு நேர்மாறு.

முனை பெயர்ந்த 40 பல் பிளேடு சாணைக்குப் போய், புதிய கார்பைடு முனை பற்றவைக்கப்பட்டுத் திரும்பியிருந்தது. மாட்டும் முன் அவர் உள் பிளாஞ்சின் விளிம்பில் விரலை ஓட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, மரக்குச்சியால் மெல்லச் சுரண்டி, மறுபடியும் தடவிப் பார்த்த பிறகே பிளேடைக் கையில் எடுத்தார். டயல் இண்டிகேட்டரில் அசைவு 0.07 மி.மீ. காட்டியது.